உப்பு பார்க்கிறவன்

கை நிற்கக் கூடாது. நின்றால் அடி பிடிக்கும். அடி பிடித்தால் கருகல் வாசனை கறிக்கட்டி முழுக்க ஏறிவிடும். அப்புறம் எத்தனை மிளகைத் தட்டிப் போட்டாலும் போகாது. பிலோமினாவுக்கு இது பதினோரு வயதிலிருந்து தெரியும், இப்போது ஐம்பத்தைந்து. வலது கை வலித்தால் இடது கை, இடது கை வலித்தால் வலது கை. குண்டானின் ஓரத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து அடிக்கு, மரத் துடுப்பு ஒரு சுற்று போய் வரும்போது இன்னொரு சுற்று தொடங்கியிருக்க வேண்டும். முக்கால் மணி நேரம். சுவரில் மணி மூன்று பத்து. மூன்று ஐம்பதுக்குள் கிண்டி இறக்கி, ரொட்டித் தகரத்தில் ஊற்றி, துணி போட்டு மூடி, குண்டானையும் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும். நாலு மணிக்குத் தம்பி பின்வாசலில் வந்து நின்றால் வேலை முடிந்துவிட்டது, போகலாம் என்று சொல்ல வேண்டும். அதைக்கூட வாயால் சொல்ல வேண்டியதில்லை. கவிழ்ந்து கிடக்கிற குண்டானைப் பார்த்தாலே புரியும். புரியாவிட்டால் அது அவன் தலையெழுத்து. ஆனால் உப்பு போட்டேனா?

போட்டிருக்க வேண்டும். கறிக்கட்டிக்கு உப்பு இரண்டு தடவை. காலையில் பன்றித் தலையும் முன்னந்தொடையும் வேகும்போது பாதி, மத்தியானம் எலும்பை எல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டு, கறியைக் கத்தியால் பொடியாகக் கொத்தி, வடிகட்டின கறித் தண்ணீரில் சாமைக் குருணையைத் தூவும்போது மீதி. காலையில் போட்டது நன்றாக நினைவிருக்கிறது. இரண்டாவது தடவை ஜாடியிலிருந்து கல்லுப்பை அள்ளி உள்ளங்கையில் வைத்தது வரை நினைவிருக்கிறது. அந்த நேரம் பார்த்து மேடையில் கிடந்த போன் அதிர்ந்தது. ‘அக்கா, நாலு மணிக்கு வரவா?’ என்று கஸ்பார் அனுப்பியிருந்தான். மூன்று மாதமாக ஒரு வார்த்தை பேசாத தம்பி. பேசாத தம்பி என்ன, இவள்தான் பேசவில்லை, அவன் இரண்டு தடவை வாசல் வரை வந்தான், இவள் கதவைத் திறக்கவில்லை. அந்த ஒரு வரியைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு குனிந்து பார்த்தால் உள்ளங்கை காலியாக, ஈரமாக இருந்தது. உப்பு குண்டானுக்குள் போனதா, கை கழுவின தொட்டிக்குள் போனதா, தெரியவில்லை. கை கழுவினாளா? அதுவும் தெரியவில்லை. வரவாவாம். நாற்பது வருஷத்துக்கு மேல் கேட்காமல் வந்தவனுக்கு இந்த வருஷம் மட்டும் வரவா.

ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும். வைக்க முடியாது. இன்று பெரிய சனிக்கிழமை. திருநீற்றுப் புதனிலிருந்து கறி, மீன், முட்டை எதையும் அவள் தொடவில்லை. ராத்திரிப் பூசையில் மணி எல்லாம் சேர்ந்து அடித்து, வானவர் கீதம் பாடின பிறகுதான் தபசு முடியும். நாளைக்கு விடிந்ததும் ஈஸ்டர். தகரத்தில் இறுகிக் கிடக்கிற கட்டியைத் தட்டிக் கவிழ்த்து, விரல் தடிமனுக்கு வில்லை போட்டு, அதன் கொழுப்பிலேயே இரண்டு பக்கமும் முறுகவிட்டு, சுடச்சுடத் தின்பார்கள். நாளைக்குத் தின்னப்போவதை இன்றைக்கே செய்து வைக்க வேண்டும், செய்கிறவள் அதை வாயில் வைக்கக் கூடாது. கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடுகிற மாதிரி வேலை. ஊரில் மற்ற வீடுகளில் இந்தத் தொல்லை இல்லை, அவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி வாங்கி அன்றைக்கே குழம்பு வைத்து அன்றைக்கே உப்பு பார்த்துக்கொள்வார்கள். இந்த வீட்டில் மட்டும் இது. அப்பா மிக்கேல் கொடைக்கானலில் ஓர் அமெரிக்கப் பாதிரியார் பங்களாவில் சமையலறையில் வேலை பார்த்தார். பாதிரியாரின் சம்சாரம் பன்றித் தலையையும் மக்காச்சோள மாவையும் சேர்த்துக் கிண்டி ரொட்டி மாதிரி ஆக்கி வைப்பாளாம். அவள் சொன்ன பெயர் அப்பாவின் வாயில் கடைசி வரை நுழையவில்லை. கறிக்கட்டி என்று சொல்லிவிட்டார். மக்காச்சோள மாவுக்குப் பதில் சாமைக் குருணை. ‘அவங்க புராட்டஸ்டண்டு, எந்த நாள் வேணும்னாலும் செய்வாங்க, தின்பாங்க. நாம ஈஸ்டருக்கு மட்டும்’ என்று அம்மா அதற்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள். வெள்ளைக்காரப் பண்டம், கத்தோலிக்கச் சட்டம், நடுவில் பிலோமினாவின் இரண்டு தோள்பட்டை.

சட்டம் போட்ட அம்மாதான் அதில் ஓட்டையும் போட்டாள். ஏழு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்குத் தபசு கிடையாது என்று சாமியாரிடம் கேட்டுவந்து, கஸ்பாரை உப்பு பார்க்க வைத்தாள். அப்போது அவனுக்கு ஐந்து வயது. நாலு மணிக்குக் கொய்யா மரத்திலிருந்து இறங்கி வருவான். அம்மா துடுப்பு நுனியில் கொஞ்சம் எடுத்து, ஊதி, ஊதி, மறுபடியும் ஊதி, ‘உப்பு பாருடா ராசா’ என்பாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு நாக்கைச் சுழற்றி, ‘கொஞ்சம் வேணும்’ என்றோ ‘சரியா இருக்கு’ என்றோ பெரிய மனுஷன் மாதிரி சொல்வான். அதுவரைக்கும் கிண்டிக்கொண்டிருந்தது யார்? பிலோமி. கொதித்துத் தெறித்து மணிக்கட்டில் கொப்புளம் வாங்கினது யார்? பிலோமி. அவனுக்கு எட்டு வயதானது, பத்து வயதானது, மீசை வந்தது, கீழத்தெருவில் பஞ்சர் கடை வைத்தான், கல்யாணம் ஆனது, நாற்பத்தொன்பது வயதானது. பெரிய சனிக்கிழமை நாலு மணி மட்டும் மாறவே இல்லை. ‘வீட்டுக்குக் கடைக்குட்டி அவன்தானே, பாவம் வந்தா என் தலையில வரட்டும்’ என்றாள் அம்மா. போன வருஷம் வரைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து, கை நடுங்க, துடுப்பு நுனியை அவன் வாய்க்கு நீட்டினாள். அந்த நடுங்குகிற கையைக் காலையில் வெந்நீரில் துடைத்து, நகம் வெட்டி, எண்ணெய் தடவி விட்டவள் பக்கத்தில் நின்று கிண்டிக்கொண்டிருந்தாள். இதற்கெல்லாம் பிலோமினா கோபப்பட்டதில்லை. பட்டதில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இந்த மூன்று மாதத்தில் ஒவ்வொன்றாக எழுந்து வருகிறது, குண்டானின் அடியிலிருந்து குமிழி வருகிற மாதிரி, எது எப்போது வெடிக்கும் என்று தெரியாமல்.

“மணம் வாசல் வரைக்கும் வருது. நாப்பது நாள் தவத்த ஒரே மூச்சுல கெடுத்துருவ போல.” வியாகுலம் சமையலறை நிலையில் சாய்ந்து நின்றான். அவள் புருஷன். முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்று பழகின உடம்பு, சாய ஏதாவது கிடைத்தால் விடாது.

“மூச்ச அடக்கிக்கிட்டுப் போய் உக்காருங்க.”

“கஸ்பார் வர்றானா?”

துடுப்பு ஒரு சுற்று போய் வந்தது.

“உன்னத்தான் கேக்கறேன்.”

“வரவான்னு கேட்டிருக்கான்.”

“நீ என்ன சொன்ன?”

“கையில துடுப்பு இருக்கு.”

“வாயிலயுமா துடுப்பு இருக்கு?”

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

“ரெண்டாவது உப்பு போட்டேனான்னு தெரியல,” என்றாள்.

“போட்டிருப்ப. நீ எத மறந்திருக்க? நம்ம கல்யாணப் பந்தியில எங்க அத்தை உங்க சித்தப்பாவுக்கு ரெண்டாவது அப்பளம் வைக்காதத இன்னும் மறக்கல நீ.”

“அப்ப நீங்க ஒரு வாய் பாருங்க.”

“நானா? நாப்பத்தஞ்சு நாள் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டு, கடைசி ஸ்டாப்புல உன் உப்புக்காக இறங்கி நரகத்துக்கு வண்டி மாறச் சொல்றியா? அதுக்குன்னு பொறந்தவன் இருக்கானே, அவனக் கூப்பிடு.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “அவன் செஞ்சது தப்புன்னே வச்சுக்குவோம். உங்கம்மாவுக்கு எண்பத்தொரு வயசு, பிலோமி,” என்றான்.

துடுப்பு குண்டானின் பக்கத்தில் இடித்த சத்தத்தில் வியாகுலம் நிலையை விட்டு நிமிர்ந்தான். “கோயில்ல நாற்காலி போடணும்னாங்க,” என்று செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

எண்பத்தொன்று. எல்லாருக்கும் அந்த எண் கிடைத்திருக்கிறது. அடக்கத்துக்கு வந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு எண்பத்தொன்றாமே என்றார்கள். முப்பதாம் நாள் பூசை முடிந்து சாமியாரே எண்பத்தொன்று என்றார், பள்ளிக்கூடத்தில் நல்ல மார்க் வாங்கின பிள்ளையைச் சொல்கிற மாதிரி. எண்பத்தொன்று ஒரு வயது. அது பதில் ஆகுமா? அம்மா ஜனவரி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் காப்பி டம்ளரோடு சாய்ந்தபோது எண்பத்தொரு வயதுதான். மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது என்று மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னபோதும் எண்பத்தொன்றுதான். மூச்சு மெஷின் போட்டார்கள். இரண்டு நாள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பிலோமி, அந்தப் பக்கம் அம்மா. மூன்றாம் நாள் உள்ளே போய்ப் பார்க்க ஐந்து நிமிஷம் விட்டார்கள். கால் ஜில்லென்று இருந்தது. ஏசி. மலையில் எண்பத்தொரு வருஷம் இருந்த கால், ஆனால் வீட்டில் எப்போதும் காலுறை போட்டிருக்கும், பழுப்புக் கலர், குதிகால் தைத்தது. ‘நான் போய் காலுறையும் மப்ளரும் எடுத்துட்டு வந்துடறேன். அப்படியே ஆதார் அட்டையும். நீ இங்கயே இருடா. எதுவா இருந்தாலும் நான் வந்தப்புறம்’ என்று கஸ்பாரிடம் சொல்லிவிட்டு மலைக்கு பஸ் ஏறினாள். அவன் தலையை ஆட்டினான். ஊசி போடுவதைப் பார்த்தாலே கண் சொருகுகிறவன், இரண்டு நாளும் கண்ணாடிப் பக்கமே வராமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவன், அவன்தான் தலையை ஆட்டினான். எதுவா இருந்தாலும் நான் வந்தப்புறம். இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி என்ன சொல்ல முடியும்?

இடது கைக்கு மாற்றினாள். குருணை குழைய ஆரம்பித்துவிட்டது, துடுப்பு கனக்கிறது. காலுறை பையில் இருந்தது. மப்ளரை மடித்து அதற்கு மேல் வைத்திருந்தாள். சாயங்கால பஸ், இறக்கத்தில், டம்டம் பாறைக்குக் கீழே ஒரு வளைவில் எதிரே ஆம்புலன்ஸ் வந்தது. பஸ்காரன் மலை ஓரமாக ஒதுங்கி வழி விட்டான். ஆம்புலன்ஸ் போகும்போது அவள் என்ன செய்தாள்? எப்போதும் செய்வதைச் செய்தாள். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டு, யாரோ, ஆண்டவரே, காப்பாத்தும் என்றாள். யாரோ. உள்ளே அம்மா. மெஷின் வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று கஸ்பார் கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போன அம்மா. அந்த வளைவுக்கு முன்னாலேயே உயிர் போய்விட்டதா, அந்த வளைவில் இருந்ததா என்று இதுவரை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் போன வண்டிக்கு யாரோ என்று வேண்டிக்கொண்டு, மடியில் காலுறையை வைத்துக்கொண்டு மதுரை வரை போனாள். ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டிலில் வேறு ஒருத்தி படுத்திருந்தாள். ‘சிக்னல் இல்லக்கா, நாலு தடவ அடிச்சேன்’ என்றான் போனில். மலைப்பாதையில் சிக்னல் கிடைக்காது, உண்மைதான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அடித்தானா, போட்ட பிறகு அடித்தானா? அதைச் சொல்லவில்லை. கேட்டால், ‘அம்மா எங்கிட்ட சொல்லிருந்தாங்கக்கா, இப்படி மெஷின்ல எல்லாம் வேண்டாம்னு’ என்றான். தலையைக் குனிந்துகொண்டு. அவன் பொய் சொல்லும்போது தலையைக் குனிவான். உண்மை சொல்லும்போதும் குனிவான். பிறந்ததிலிருந்து குனிந்த தலை.

பொய்தான். பொய்யாகத்தான் இருக்க வேண்டும். ஒன்பது வருஷம் அம்மா இந்த வீட்டில், இவள் கையில் இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அடக்கத்துக்கு எந்தப் புடவை என்று சொன்னாள், காப்பிக்கொட்டை நிறத்தில் கட்டம் போட்டது. ஜெபமாலை எது என்று சொன்னாள். எந்த உறவுக்காரி வந்து அழுதால் நம்ப வேண்டாம் என்றுகூடச் சொன்னாள். ராத்திரி மூன்று தடவை எழுப்பி, கால் வலிக்கிறது, தண்ணி வேண்டும், ஒன்றும் இல்லை நீ இருக்கியான்னு பார்த்தேன் என்றெல்லாம் சொன்னாள். அவ்வளவையும் சொன்னவள் இந்த ஒன்றை இவளிடம் சொல்லாமல், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து பன்னைக் கொடுத்துவிட்டுப் போகிறவனிடம் சொல்லியிருப்பாளா? சொல்லியிருக்க மாட்டாள். அப்படியென்றால் அவன் பொய் சொல்கிறான். பொய் சொல்லி, பயந்துகொண்டு, அம்மாவைக் கொண்டுபோய்விட்டான். சரி. அப்படி வைத்துக்கொண்டால் கோபத்துக்கு ஓர் இடம் கிடைக்கிறது, கீழத்தெரு, பஞ்சர் கடை, குனிந்த தலை. ஆனால் அவன் சொன்னது உண்மையாக இருந்தால்? இந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்கிறது. உண்மையாக இருந்தால் அம்மா ஆள் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள். கழுவிவிட ஒருத்தி, நம்பிச் சொல்ல ஒருவன். கிண்ட ஒருத்தி, ருசி பார்க்க ஒருவன். அதற்கு அவன் பொய் சொல்லியிருப்பதே மேல். பொய் சொல்லியிருடா கஸ்பார். உனக்குப் புண்ணியமாகப் போகும், பொய்யாக இரு. மணி மூன்று முப்பத்தைந்து. உப்பு போட்டேனா?

குண்டான் இப்போது பேச ஆரம்பித்துவிட்டது. கூழ் கெட்டியாகிற பதத்தில் பெரிய பெரிய குமிழி மெதுவாக எழுந்து, யோசித்து, பொத்தென்று உடையும். ஒன்று உடைந்து மணிக்கட்டில் தெறித்தது. சுரீரென்றது. அம்மாடி என்று கத்தினாள், கத்தின வார்த்தையைக் கேட்டதும் இன்னும் எரிந்தது. உப்பில்லாத கட்டியை நாளைக்கு எப்படித் தின்பது? உப்பு அதிகமானால் அதைவிட மோசம், வீணாகிவிடும். இன்னொரு பிடி போடலாம், போட்டால் இரண்டு மடங்காகலாம். போடாமல் விடலாம். நாலு மணிக்குக் காத்திருக்கலாம். அவன் வருவான், நாக்கைச் சுழற்றுவான், சரியா இருக்கு என்பான், இவள் அவன் வார்த்தையை நம்பி இறக்கி வைக்க வேண்டும். அவன் வார்த்தையை. எல்லாவற்றுக்கும் அவன் வார்த்தை. அம்மா உயிருக்கும் அவன் வார்த்தை, கட்டிக்கு உப்புக்கும் அவன் வார்த்தை. யார் வைத்த சட்டம் இது? வைத்தவள் கல்லறையில் படுத்துக்கொண்டாள், காலுறை இல்லாமல்.

துடுப்பு நுனியில் கொஞ்சம் எடுத்தாள். ஊதினாள். ஒரு தடவைதான், நாக்கு சுட்டால் சுடட்டும். வாயில் வைத்தாள்.

கொழுப்பும் மிளகும் நாக்கில் இறங்கின. நாற்பத்தைந்து நாளாக அரிசியும் பருப்பும் கீரையுமாக இருந்த வாய், எச்சில் காதுக்குக் கீழே சுரீரென்று ஊறியது. துப்பலாம், தொட்டி பக்கத்திலேயே இருக்கிறது, துப்பினால் சாப்பிட்டதாகாது. விழுங்கினாள். நன்றாக இருந்தது என்பதே அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. இவ்வளவு வருஷமும் சனிக்கிழமை நாலு மணிக்கு இது இப்படி இருந்திருக்கிறது. நாளைக்குக் காலையில் முறுகின வில்லையாகத் தின்பது வேறு, இந்தச் சூட்டில் இந்தக் குழைவில் இது வேறு பண்டம். அதை அவன் ஒருவன்தான் தின்றிருக்கிறான். அப்புறம்தான் உப்பு நினைவு வந்து, இன்னொரு வாய் எடுத்துப் பார்த்தாள். பாதி உப்புதான் இருந்தது. இரண்டாவது உப்பு போடவே இல்லை, தொட்டியில்தான் போயிருக்கிறது. அள்ளிப் போட்டாள், கிண்டினாள், மூன்றாவது வாய் பார்த்தாள். சரியாக இருந்தது. தபசை முறித்தவள் ராத்திரிப் பூசையில் நற்கருணை வாங்கும் வரிசையில் இனி நிற்க முடியாது. எல்லாரும் எழுந்து போகும்போது பெஞ்சில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், பக்கத்து வீட்டு சலேத்தம்மாள் குனிந்து உடம்பு சரியில்லையா என்று கேட்பாள். கேட்கட்டும். பன்றிக் கறி தின்றேன் என்று சொல்லலாம். சத்தமாகவே சொல்லலாம்.

“அக்கா.”

பின்வாசலில் கஸ்பார் நின்றான். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, படிக்கு அந்தப் பக்கம். கடையிலிருந்து நேராக வந்திருந்தான், கையைச் சோப்புப் போட்டுக் கழுவியும் ரப்பர் கருப்பு நகக்கண்ணில் இருந்தது. மெலிந்திருந்தான். அதை அவள் பார்க்க விரும்பவில்லை.

“மணி இன்னும் நாலாகல,” என்றாள்.

“நீ பதில் போடல. அதான், வரலாமா கூடாதான்னு நடந்துக்கிட்டே யோசிச்சேன், வந்து சேந்துட்டேன்.”

“உப்பு பாத்தாச்சு.”

“யாரு, மாமாவா?”

“நான்.”

அவன் முகத்தில் முதலில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, பிறகு போய்விட்டது. “விளையாடாதக்கா.”

“எதுக்கு விளையாடணும்? எடுத்தேன், ஊதினேன், முழுங்கினேன். மூணு வாய். இனிமே இந்த வீட்டுல அந்த வேலைக்கு ஆள் தேவையில்ல.”

“அப்ப சரி. கிளம்பறேன்,” என்றான். ஆனால் கிளம்பவில்லை. நிலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றான்.

“நில்லு. ஒண்ணு கேக்கணும்.” அவள் திரும்பவில்லை, குண்டானைப் பார்த்தே பேசினாள். “அம்மா சொன்னாங்க, அம்மா சொன்னாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றியே. என்ன சொன்னாங்க? அவங்க வாயிலேந்து வந்த வார்த்தைய அப்படியே சொல்லு. நீ ஒரு வார்த்தை சேத்தாலும் எனக்குத் தெரிஞ்சுரும்.”

“விடுக்கா.”

“சொல்ல முடியாதுல்ல? இருந்தாத்தான சொல்றதுக்கு.”

“அது கேக்க நல்லாருக்காது.”

“நல்லாருக்கறதக் கேக்கல நான்.”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். “போன வருசம் இதே சனிக்கிழம. ரொட்டித் தகரம் ஓட்டையாயிருச்சுன்னு நீ எதிர்வீட்டுக்குக் கேக்கப் போயிருந்த. அம்மா இந்த ஸ்டூல்ல உக்காந்து கிண்டிக்கிட்டிருந்தாங்க. துடுப்ப என் வாய்க்கிட்ட நீட்டிக்கிட்டே சொன்னாங்க.” நகக்கண்ணில் இருந்த கருப்பைச் சுரண்டினான். “‘எனக்கு ஒண்ணு ஆனா குழாயச் சொருகி மெஷின்ல போட்டு வச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. பிலோமிகிட்ட சொன்னா நடக்காது. அவ என்னையும் போகவிட மாட்டா, எமனையும் உள்ள விட மாட்டா, ரெண்டு பேரையும் வாசல்லயே நிறுத்தி வச்சிருவா’ன்னாங்க.”

அவள் கை சுற்றிக்கொண்டிருந்தது. அது அம்மாதான். வாசலில் நிறுத்தி வைப்பது அம்மாவின் வார்த்தைதான், பால்காரனிலிருந்து பங்குச் சாமியார் வரை எல்லாரையும் அம்மா அப்படித்தான் சொல்வாள். இதைக் கஸ்பாரால் இட்டுக்கட்ட முடியாது.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“இல்ல. இன்னும் இருக்கு. உங்கிட்ட எதுக்குச் சொன்னாங்க?”

அவள் திரும்பி அவனை நேராகப் பார்த்தாள். நாற்பத்தொன்பது வயது ஆள், காதோரம் நரைத்த முடி, கன்னம் இழுத்துக்கொண்டிருந்தது.

“‘நீ கோழைப் பய’ன்னாங்க,” என்றான். “‘ஒரு நாள், ரெண்டு நாளைக்கு மேல உன்னால பாத்துக்கிட்டு நிக்க முடியாது. விட்டுட்டு ஓடிருவ. அதனாலதான் உங்கிட்ட சொல்றேன்’னாங்க.” மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். “அப்படியேதான் நடந்துச்சு. டாக்டர் ஒண்ணும் அவசரப்படுத்தல. நீ வர்ற வரைக்கும் இருந்திருக்கலாம். என்னால முடியலக்கா. நீ சொல்லிட்டுத்தான் போன, எதுவா இருந்தாலும் நான் வந்தப்புறம்னு. நீ வந்தா விட மாட்டன்னு தெரியும். நீ விட மாட்ட, என்னால நிக்க முடியல, அதான் உன் பஸ் மலையேறின நேரம் பாத்துக் கையெழுத்துப் போட்டேன். போட்டப்புறம்தான் போன் அடிச்சேன்.”

அதுதான் அவள் கேட்க நினைத்த குற்றம். மூன்று மாதம் தேடினது, கேட்காமலே கையில் கிடைத்துவிட்டது. இதை வைத்துக்கொண்டு இப்போது கத்தலாம், துடுப்பை அவன் மேல் எறியலாம், படியிலிருந்து தள்ளிக் கதவைச் சாத்தலாம். வாயைத் திறந்தாள். ஆனால் அம்மாவின் குரல் நடுவில் நின்றது, ஸ்டூலில் உட்கார்ந்த குரல், துடுப்பை நீட்டுகிற கை நடுங்க, வார்த்தை நடுங்காத குரல். கோழைப் பய. பெற்ற பிள்ளையின் வாயில் சோறு ஊட்டுகிற மாதிரி ஊட்டிக்கொண்டே சொல்லியிருக்கிறாள். ராசா என்று கூப்பிட்ட அதே வாய். ஒருத்தியின் பிடிவாதத்தையும் ஒருவனின் பயத்தையும் இத்தனை வருஷம் வளர்த்து, எது எதற்கு உதவும் என்று பார்த்து வைத்து, கடைசியில் இரண்டையும் எடுத்துச் சரியாக உபயோகப்படுத்திக்கொண்டு போய்விட்டாள். இவன் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு வருஷம் நடந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பன்னைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுக்கும்போதெல்லாம், ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோதெல்லாம், ஊரில் அம்மா சொன்னாங்க என்று பாதியைச் சொல்லி மீதியை விழுங்கினபோதெல்லாம். பிலோமினாவுக்குக் கோபம் மூண்டது, மூன்று மாதத்தில் வராத அளவுக்கு. ஆனால் கீழத்தெருப் பக்கம் போகாமல் அது மேட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிற்று, புதுச் சிமென்ட் பூசின அந்த மேட்டைப் போய்த் தட்டி, எழுந்திரு, எழுந்து வந்து இவனிடம் பேசு என்று நின்றது. எழுந்து வர மாட்டாள். அதுதான் அவளுக்கு வசதி.

“உள்ள வாடா,” என்றாள். அவன் அசையவில்லை. “உள்ள வாடான்னா. கொசு வருது.”

வந்தான். ஸ்டூல் காலியாக இருந்தும் அதில் உட்காராமல் பக்கத்தில் நின்றான்.

“அம்மா உன்ன அப்படிச் சொன்னப்ப,” துடுப்பைக் கை மாற்றிக்கொண்டாள், “நீ என்னடா சொன்ன?”

கஸ்பார் யோசித்துப் பார்த்தான்.

“என்ன சொல்றது. வாயில சூடா இருந்துச்சு,” என்றான். “உப்பு சரியா இருக்குன்னு சொன்னேன்.”